மூதூர், வெருகல் பக்கம் காணி பார்க்கிறீர்களா? மகாவலி வெள்ளத்தை முதலில் அளந்து பாருங்கள்

மத்திய மலைநாட்டில் தொடங்கும் மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து, திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் இடையே கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. வெருகலாறு என்ற கிளை தெற்கே பிரிந்து வேறொரு முகத்துவாரத்தைத் தேடிக்கொள்கிறது. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை இந்த ஒரே ஆற்றுக்குள்தான் வடிகிறது. வழியில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை என்று நீர்த்தேக்கங்கள் நிற்கின்றன. அம்பன் கங்கைக் கிளையில் மொரகஹகந்த இருக்கிறது.

இத்தனை அணை இருந்தும் வெள்ளம் ஏன் வருகிறது என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். ஊரில் வெயில் எறிக்கும்போதே ஆறு ஏறுவதைக் கண்டும் குழம்புவார்கள். காணி வாங்க, வீடு கட்ட, வயல் குத்தகைக்கு எடுக்க, மாற்றலாகி வந்து வாடகை வீடு பார்க்க என்று வருபவர்களுக்காக எழுதியது இது. பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை. கூட ஒருவர், 20 மீற்றர் தெளிவான பிளாஸ்டிக் குழாய், அளவு நாடா, ஒரு கொப்பி, இரண்டு முழு நாள் இருந்தால் போதும்.

முதல் வேலை: எந்தத் தண்ணீர் உங்கள் வளவுக்கு வரும்?

இங்கே வெள்ளம் நான்கு வழியாக வருகிறது. நான்கையும் ஒன்றாகக் குழப்பினால் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும்.

முதலாவது, அணைகளுக்கு மேலே பெய்யும் மலை மழை. இதைத்தான் விக்டோரியா, ரந்தெனிகல போன்றவை தாங்கிப் பிடிக்கின்றன. இரண்டாவது, அணைகளுக்குக் கீழே ஆற்றில் சேரும் தண்ணீர். நக்கிள்ஸ் மலையின் கிழக்குச் சரிவிலிருந்து ஹீன் கங்கை இறங்குகிறது. மொரகஹகந்தவுக்குக் கீழே அம்பன் கங்கைக்குப் புதிதாக நீர் சேர்கிறது. பொலன்னறுவைச் சமவெளி முழுவதும் வடிகிறது. இந்தத் தண்ணீரின் பெரும்பகுதியைப் பிடித்து வைக்க மேலே பெரிய அணை இல்லை. வடகீழ்ப் பருவமழை நேரே வந்து மோதுவதும் இந்தக் கிழக்குச் சரிவில்தான். அணை இருக்கிறது என்ற நம்பிக்கை பெரும்பாலும் தோற்கும் இடமும் இதுதான்.

மூன்றாவது, உள்ளூர்க் குளங்கள்: கந்தளாய், வெண்டரசன், அல்லை, அவற்றோடு தொடர்ந்து கிடக்கும் சிறு குளங்கள். நான்காவது கடல். கடல் தானாக ஊருக்குள் வருவது குறைவு. ஆற்றை வெளியே விடாமல் மறித்து நிற்பதுதான் அதன் வேலை.

உங்கள் இடத்துக்கு எவை பொருந்தும் என்று பாருங்கள். மூதூர், கிண்ணியா ஆற்றோரம் என்றால் முதலாவது, இரண்டாவது, நான்காவது. வெருகல், ஈச்சிலம்பற்று, சேருவில பக்கம் முதல் இரண்டும் பிரதானம், வாய்க்கால் கட்டுகள் உடைவது அதற்கு மேலதிகம். தம்பலகாமத்தில் கந்தளாய்க் குளத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் என்றால் மகாவலியை மறந்துவிடுங்கள். அங்கே வருவது யான் ஓயா. அதற்கு ஹொரவப்பொத்தானை அளவீட்டு நிலையத்தைப் பார்க்க வேண்டும்.

நிலத்தைப் படித்தல்: ஆற்றிலிருந்து தள்ளிய காணி பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம்

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை இது. கரையோடு ஒட்டிய காணியை விட்டுவிட்டு, ஆற்றிலிருந்து எண்ணூறு மீற்றர் தள்ளி மலிவான காணியை வாங்குவார்கள். மலையாறு சமவெளிக்கு வந்து கரை மீறும்போது, பாரமான மணலைக் கரையிலேயே போட்டுவிட்டு, மெல்லிய களியை மட்டும் தூரத்துக்குக் கொண்டுபோகிறது. நூற்றுக்கணக்கான வருடங்கள் இப்படி நடந்ததில் ஆற்றங்கரை மேடாகவும், அதன் பின்பக்கம் பள்ளமாகவும் ஆகிவிட்டது. பழைய ஊர்களும் கோயில்களும் பள்ளிவாசல்களும் கரை மேட்டிலேயே இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பின்பக்கப் பள்ளத்தில் தண்ணீர் மெதுவாக வரும், ஆழமாக நிற்கும், கடைசியாக வடியும். கரையோரத்தில் இரண்டு நாள் நின்ற வெள்ளம் அங்கே இரண்டு கிழமைகூட நிற்கலாம். அதே நேரம், கரை மேட்டிலும் வளைவின் வெளிப்பக்கத்தில் வாங்காதீர்கள். ஆறு அறுத்துக்கொண்டு போவது அந்தப் பக்கத்தைத்தான். மணல் அள்ளும் இடத்துக்குப் பக்கத்தில் அறுப்பு இன்னும் விரைவாக நடக்கும்.

காணியில் நின்று பார்க்க வேண்டியவை இவை. ஒரு முழம் தோண்டுங்கள். மணல் கலந்த செம்பழுப்பு மண் என்றால் மேடு. கறுத்த, ஒட்டும் களி, கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும் என்றால் தண்ணீர் நின்று பழகிய இடம். மருதமரம் வரிசையாக நின்றால் அங்கே ஆறோ பழைய ஆற்று வாய்க்காலோ இருந்திருக்கும். நீளமாக வளைந்து கிடக்கும் வில்லும் (ஆற்றோரச் சதுப்பு நிலம்), கோரை மண்டிய தாழ்வும் ஆறு விட்டுப்போன பழைய பாதைகள். பெருவெள்ளத்தில் ஆறு முதலில் நுழைவது அவற்றுக்குள்தான். ஊர்ப் பெயரையும் காணிப் பெயரையும் கேளுங்கள். மடு, பள்ளம், தரவை, வில்லு, முனை என்று காணி உறுதியில் எழுதியிருப்பதைச் சும்மா தாண்டிப் போகாதீர்கள். நில அளவை வரைபடத்தில் ஆற்று ஒதுக்கீடு, வாய்க்கால் ஒதுக்கீடு என்று ஏதாவது குறித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

தொலைபேசியில் கிடைக்கும் உயர அளவுகளை இந்த வேலைக்கு நம்ப முடியாது. செய்மதி உயரத் தரவில் சில மீற்றர் பிழை வரும், மரக்கூடல் இருந்தால் மரத்தின் உச்சியையே நிலம் என்று காட்டும். இங்கே வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்பது முப்பது, நாற்பது சென்ரிமீற்றரில் தீர்மானமாகும் விஷயம்.

பழைய வெள்ள அடையாளங்களைச் சேகரித்தல்

"இங்கே வெள்ளம் வருமா?" என்று கேட்காதீர்கள். காணி விற்பவர் இல்லை என்பார், வெள்ளத்தில் இழந்தவர் கழுத்தளவு என்பார். கேள்வி இப்படி இருக்கட்டும்: தண்ணீர் எந்தப் படி வரைக்கும் ஏறியது? எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? பகலா இரவா? எத்தனை நாள் நின்றது? மாட்டை எங்கே கொண்டுபோய்க் கட்டினீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் விடைதான் பெரும்பாலும் மிகச் சரியானது. மாட்டை மேட்டில் கட்டாதவர் எவருமில்லை. வட்டவிதானை (வயல்களுக்கு நீர் பகிர்வதைக் கவனிப்பவர்), ஆற்றில் மீன் பிடிப்பவர், பாடசாலைக் காவலாளி, கிராம உத்தியோகத்தர் ஆகியோரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் எழுதிக்கொள்ளுங்கள்.

வருடத்தையும் சேர்த்து எழுதுங்கள். 1957 டிசம்பர் வெள்ளம் பெரிய நீர்த்தேக்கங்கள் கட்டுவதற்கு முந்தையது. அந்த ஆறு வேறு, இன்றைய ஆறு வேறு. 2011 ஜனவரி, பெப்ரவரி வெள்ளம் கிழக்கு முழுவதையும் மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலைநாட்டில் கொட்டிய மழை, நீர்த்தேக்கங்கள் எல்லாம் இருந்தும், மகாவலி வழியாக இறங்கி மூதூர், வெருகல், சேருவில தாழ்நிலங்களை மூழ்கடித்தது. மாவிலாற்றுக் கட்டும் உடைந்தது. அந்த அடையாளங்கள் சுவர்களில் இன்னும் இருக்கும். பெயின்ட் அடித்து மறைக்கும் முன் அளந்துகொள்ளுங்கள்.

அளக்கும்போது எந்த அடையாளத்தை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். வீட்டுக்குள் சுவரில் நேராக ஓடும் சேற்றுக் கோடுதான் நல்லது. அதற்கு மேலே தெரியும் ஈரக் கறை, செங்கல் உறிஞ்சி ஏறியது. அதை எடுத்தால் உயரம் கூடிவிடும். மரத்தில் சிக்கிய குப்பையும் பொய் சொல்லும். ஓடும் தண்ணீர் மரத்தில் மோதி மேலே ஏறும். செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் 5 சென்ரிமீற்றர் ஏறும், 2 மீற்றர் வேகத்தில் 20 சென்ரிமீற்றர் ஏறும். வளைந்து கொடுக்கும் கிளையில் தொங்கும் குப்பையைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம், வெள்ளத்தின்போது அந்தக் கிளை தாழ்ந்திருக்கும்.

அடையாளத்துக்குப் பிறகு ஊரில் என்ன மாறியது என்பதும் முக்கியம். ஏ15 வீதியில் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று பாலங்கள் வந்தபின் அணுகுவீதிகள் உயர்ந்துவிட்டன. உயர்ந்த வீதி, தண்ணீருக்குக் குறுக்கே போட்ட கட்டு மாதிரி. மேல்பக்கத்தில் இருப்பவருக்கு பழைய அடையாளத்தைவிட உயரமாக வரலாம், கீழ்ப்பக்கத்தில் இருப்பவருக்குக் குறையலாம். வீதிக்கு அடியில் மதகுகள் எத்தனை, எவ்வளவு அகலம், எத்தனை சல்வினியா (மிதக்கும் நீர்க்களை) அடைத்துக் கிடக்கின்றன என்று நடந்து பாருங்கள்.

நீர்மட்டக் குழாயால் உயரத்தைக் கொண்டுவருதல்

மேசன்மார் தினமும் செய்யும் வேலைதான். இதைச் சரியாகச் செய்தால் மற்ற எல்லாவற்றையும்விடப் பயனுள்ள எண் உங்கள் கையில் இருக்கும்.

அரை அங்குலத் தெளிவான குழாயில் தண்ணீர் நிரப்புங்கள், இரண்டு முனையிலும் ஒரு முழம் காலியாக விடுங்கள். வாளியை உயரத்தில் வைத்து உறிஞ்சி நிரப்பினால் குமிழி குறையும். நிரப்பியபின் முழு நீளத்தையும் பார்த்து, குமிழி இருந்தால் குழாயைத் தட்டி வெளியேற்றுங்கள். ஒரு குமிழி உள்ளே நின்றாலும் மட்டம் பிழைக்கும். தொடங்குமுன் இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நகரும்போது பெருவிரலால் மூடுங்கள், வாசிக்கும்போது இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். ஒரு முனையை மூடியபடி வாசிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. குழாயின் ஒரு பகுதி வெயிலிலும் மற்றது நிழலிலும் கிடந்தாலும் சிறு வித்தியாசம் வரும், ஆகவே காலையில் செய்யுங்கள்.

அடையாளம் உள்ள சுவரில் ஒரு முனை, உங்கள் வீட்டுத் தரையில் மறு முனை. உதாரணமாக, சுவரில் வெள்ளக் கோடு குழாய்த் தண்ணீர் மட்டத்துக்கு மேலே 35 சென்ரிமீற்றரில் இருக்கிறது. உங்கள் தரை அதே மட்டத்துக்குக் கீழே 20 சென்ரிமீற்றரில் இருக்கிறது. அப்படியானால் அந்த வெள்ளம் மீண்டும் வந்தால் வீட்டுக்குள் 55 சென்ரிமீற்றர் நிற்கும். தூரம் அதிகம் என்றால் இடையில் முளை அடித்து, கட்டம் கட்டமாகக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அரைச் சென்ரிமீற்றர் பிழை வரலாம். போன வழியே திரும்பி வந்து அளக்கும்போது தொடங்கிய இடத்தில் 3 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி செய்ய வேண்டியதுதான்.

ஒரு கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இருக்கும் அடையாளத்தை இப்படி நேரே கொண்டுவரக் கூடாது. வெள்ளத்தின் மேற்பரப்பு குளத்து மட்டம் போல நேராக இருக்காது, கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஆற்றின் மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று என்று இரண்டு அடையாளம் கிடைத்தால் இடைப்பட்ட உயரத்தைக் கணிக்கலாம்.

நீர்த்தேக்கத்தின் கணக்கு

விக்டோரியாவின் முழுக் கொள்ளளவு 722 மில்லியன் கன மீற்றர். மொரகஹகந்த, 570. கேட்கப் பெரிய எண்தான். ஆனால் வெள்ளத்தைப் பிடிக்கப் பயன்படுவது அன்றைக்குக் காலியாக இருக்கும் பகுதி மட்டுமே.

மனப்பாடம் செய்ய வேண்டியது இரண்டு கணக்கு. செக்கனுக்கு 1,000 கன மீற்றர் ஒரு மணித்தியாலம் ஓடினால் 3.6 மில்லியன் கன மீற்றர். ஆயிரம் சதுர கிலோமீற்றரில் 100 மில்லிமீற்றர் மழை பெய்து அதில் பாதி ஆற்றுக்கு வந்தால் 50 மில்லியன் கன மீற்றர். இப்போது விக்டோரியா 90 வீதம் நிறைந்திருக்கிறது என்று வையுங்கள். காலி இடம் 72 மில்லியன். வெளியே விடுவதைவிட உள்ளே வருவது செக்கனுக்கு 1,000 கன மீற்றர் அதிகம் என்றால் 20 மணித்தியாலத்தில் அது முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருவதை அப்படியே வான் கதவால் விட வேண்டியதுதான். அணையைக் காப்பாற்ற அதைத் தவிர வேறு வழி கிடையாது. அதே நீர்த்தேக்கம் 50 வீதத்தில் இருந்தால் 361 மில்லியன் கன மீற்றர் இடம், அதே மழையில் கீழே இருப்பவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆகவே நீர்த்தேக்கம் சிறிய, நடுத்தர வெள்ளங்களை அடக்கிவிடும். நிறைந்த நாளில் வரும் பெருவெள்ளத்தை அதனால் அடக்க முடியாது. சின்ன வெள்ளங்கள் வராததால் பத்து வருடம் பயம் விட்டுப்போய், பள்ளத்தில் வீடு கட்டத் துணிவு வந்துவிடுகிறது. இது ஊருக்கு ஊர் நடப்பது.

மின்சார சபை வெளியிடும் நாளாந்த நீர்மின் சேமிப்பு விபரத்தில் மொத்த வீதத்தைப் பார்க்காதீர்கள். அதில் காசல்ரீ, மவுசாகலை இரண்டும் களனிக்குப் போகிறவை, சமனலவெவ வளவை கங்கைக்குரியது. உங்களுக்குத் தேவை கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல. அம்பன் கங்கைப் பக்கத்துக்கு மொரகஹகந்தவின் நிலையைத் தனியாகப் பார்க்க வேண்டும். போல்கொல்லையில் மகாவலித் தண்ணீரின் ஒரு பகுதி சுரங்க வழியாக அம்பன் கங்கைப் பக்கம் திருப்பப்படுகிறது, இரண்டு பக்கமும் கடைசியில் பொலன்னறுவை மாவட்டத்து மன்னம்பிட்டிக்கு மேலே மீண்டும் சேர்கின்றன.

வான் கதவு திறந்த செய்தி வந்தால் மூன்றைக் கேளுங்கள்: எந்த நீர்த்தேக்கம், செக்கனுக்கு எவ்வளவு, எத்தனை மணிக்குத் தொடங்கியது. "இரண்டு கதவு திறந்தார்கள்" என்பதில் தகவல் எதுவும் இல்லை, ஒரு கதவை அரை அடியும் திறக்கலாம், ஆறு அடியும் திறக்கலாம். சில அறிவிப்புகள் கன அடியில் வரும். 35 கன அடி ஏறத்தாழ ஒரு கன மீற்றர். இந்தக் குழப்பத்தில் 10,000 கன அடியை 10,000 கன மீற்றர் என்று பகிர்ந்து ஊரையே கலக்குபவர்கள் ஒவ்வொரு மாரியிலும் இருக்கிறார்கள்.

மன்னம்பிட்டியும் உங்கள் பாலமும்

அணைக்கு மேலே என்ன நடந்தாலும், அணைக்குக் கீழே என்ன சேர்ந்தாலும், இரண்டும் கூடித் தெரியும் இடம் மன்னம்பிட்டி. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆற்று நீர்மட்ட அறிக்கையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் எச்சரிக்கை மட்டம், சிறு வெள்ள மட்டம், பெருவெள்ள மட்டம், இப்போதைய மட்டம், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது இருக்கும். அலகு மீற்றரா அடியா என்பதை முதலில் பாருங்கள், நிலையத்துக்கு நிலையம் மாறும். பிறகு மட்டத்தைவிட ஏறும் வேகத்தைப் பாருங்கள். மூன்று மணித்தியாலத்தில் 10 சென்ரிமீற்றர் ஏறுவதும் 60 சென்ரிமீற்றர் ஏறுவதும் ஒன்றல்ல.

அங்கே உச்சம் வந்து எத்தனை மணித்தியாலத்தில் உங்களிடம் வரும்? செக்கனுக்கு 1 மீற்றர் என்றால் நாளொன்றுக்கு 86 கிலோமீற்றர். ஆனால் மன்னம்பிட்டிக்கும் வெருகலுக்கும் இடையே சோமாவதி பக்கம் ஆற்றின் இரு கரையிலும் பரந்த வில்லு நிலங்கள் இருக்கின்றன. வெள்ளம் முதலில் அவற்றை நிரப்புகிறது. வில்லுகள் காலியாக இருக்கும் நவம்பர் ஆரம்பத்தில் உச்சம் பிந்தி வரும், தணிந்தும் வரும். டிசம்பர், ஜனவரியில் ஏற்கெனவே நிறைந்திருந்தால் அதே வெள்ளம் விரைவாகவும் உயரமாகவும் வரும். ஆகவே போன முறை இத்தனை மணித்தியாலம் கிடைத்தது என்ற அனுபவத்தை இந்த முறைக்கு அப்படியே போடாதீர்கள், பாதி நேரம்தான் கிடைக்கும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

உங்களுக்கென்று ஓர் அளவுகோலும் வேண்டும். பக்கத்துப் பாலத் தூணிலோ உறுதியான மருதமரத்திலோ ஒவ்வொரு 10 சென்ரிமீற்றருக்கும் எனாமல் பெயின்டால் கோடு போடுங்கள் (பாலம் என்றால் கேட்டுவிட்டு). கரையிலிருந்து டோர்ச் அடித்து வாசிக்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும். இறங்கிப் போய் வாசிக்க வேண்டிய அளவுகோல் வெள்ளத்தன்று பயன்படாது, இந்த ஆற்றில் முதலையும் உண்டு. ஒரு மாரி முழுவதும் மன்னம்பிட்டி மட்டத்தையும் உங்கள் கோட்டையும் நேரத்தோடு எழுதிவந்தால், அடுத்த மாரிக்கு உங்களிடம் இருக்கும் அட்டவணை எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.

கடலைப் பற்றிச் சுருக்கமாக. இங்கே ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு, அது தனியாகப் பெரிய விஷயமில்லை. ஆனால் வாடைக்காற்று நாள்கணக்கில் அடித்துக் குடாவுக்குள் தண்ணீரைத் தள்ளும்போது, அல்லது புயல் பக்கத்தில் நிற்கும்போது, முகத்துவாரத்தில் ஆறு வெளியேற முடியாமல் பின்வாங்கும். வெருகல் பக்கம் முகத்துவாரத்தில் மணல்திட்டு எவ்வளவு மூடியிருக்கிறது என்று ஒக்ரோபரிலேயே மீனவர்களிடம் கேளுங்கள்.

குளக்கட்டு

கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது 1986 ஏப்ரல் 20 அதிகாலையில். நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மாதத்தைக் கவனியுங்கள். அது மாரிகாலமே அல்ல. கட்டு உடைவதற்கு வெள்ளம் வந்திருக்க வேண்டும் என்பதில்லை, குளத்தில் தண்ணீர் இருந்தால் போதும்.

மண்கட்டுக்குக் கீழே குடியிருப்பவர் மாதம் ஒரு தடவை கட்டின் அடிவாரத்தை நடந்து பார்க்கலாம். தெளிந்த கசிவு எல்லா மண்கட்டிலும் கொஞ்சம் இருக்கும், அளவு மாறாமல் இருந்தால் பயமில்லை. கசிவு திடீரெனக் கூடினாலோ, கலங்கலாக வந்தாலோ, வாயைச் சுற்றி மணல் குவிந்தாலோ உள்ளே மண் அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இது மணித்தியாலக் கணக்கில் பெரிதாகலாம். கட்டின் மேல் நீளவாக்கில் வெடிப்பு, ஒரு இடத்தில் மட்டும் இறக்கம், துருசு (குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் மதகு) ஓரத்தில் சுழி, பெரிய மரம் பட்டு வேர் உக்கிய இடம் ஆகியவையும் அப்படித்தான். நீர்ப்பாசனப் பொறியியலாளர் அலுவலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் உடனே சொல்லுங்கள். ஓட்டையை அடைக்கிறோம் என்று கீழ்ப்பக்கத்தில் களியைத் திணிக்காதீர்கள், தண்ணீர் வேறு வழி பார்த்துக் கட்டை இன்னும் தளர்த்திவிடும். அதிகாரிகள் வரும்வரை செய்யக்கூடியது, கசிவைச் சுற்றி மணல்மூட்டை வட்டம் கட்டி உள்ளே தண்ணீர் உயரவிட்டு அழுத்தத்தைக் குறைப்பது. அதையும் கீழே இருப்பவர்களை எழுப்பிய பிறகுதான்.

வீட்டைவிட வீதி முக்கியம்

வீடு மேட்டில் இருந்தும் தீவாகிப்போன குடும்பங்கள் நிறைய. வீட்டிலிருந்து பிரதான வீதி வரைக்கும், அங்கிருந்து பாதுகாப்பு நிலையம் வரைக்கும் நடந்து, ஆகத் தாழ்ந்த இடம் எது என்று பாருங்கள். பெரும்பாலும் அது ஒரு மதகுக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த இடத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கும்போது உங்கள் பாலத்துக் கோடு எதில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். நீங்கள் வெளியேற வேண்டிய மட்டம் அதற்கு முந்தியது. ஓடும் தண்ணீர் 15 சென்ரிமீற்றர் இருந்தாலே ஆளை விழுத்தும், 30 சென்ரிமீற்றரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும், 60 இல் வானும் போய்விடும். முச்சக்கரவண்டியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

முடிவு எடுத்தல்

இப்போது உங்கள் கொப்பியில் மூன்று எண் இருக்கும்: ஆக உயர்ந்த அடையாளத்துக்கும் உங்கள் தரைக்கும் உள்ள வித்தியாசம், தண்ணீர் நின்ற நாள், வீதியின் தாழ்ந்த இடம் மூழ்கும் மட்டம்.

கட்டுவதென்றால் ஆக உயர்ந்த நம்பகமான அடையாளத்துக்கு மேலே 60 சென்ரிமீற்றரில் தரையை வைப்பது எங்கள் கருத்து. 30 போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். வீதி உயர்வு, படகு போனால் எழும் அலை, அளவுப் பிழை மூன்றும் சேர்ந்தால் அந்த 30 காணாமல் போய்விடும். அடையாளம் தரைக்கு மேலே ஒன்றரை மீற்றரைத் தாண்டினால், மண் போட்டு நிரப்புவதைவிடத் தூண்மேல் கட்டுவதே நல்லது. நிரப்பினால் அந்தத் தண்ணீர் பக்கத்து வளவுக்குத்தான் போகும், சண்டையும் வரும். வயற்காணி என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் நிரப்பவும் முடியாது. தண்ணீர் ஓடும் பழைய வாய்க்கால் வழியில் இருக்கும் காணியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். நிற்கும் தண்ணீரைத் தாங்கும் சுவர், ஓடும் தண்ணீரில் அத்திவாரம் அரிபட்டு விழும்.

"நூறு வருட வெள்ளம்" என்று யாராவது சொன்னால், போன வருடம் வந்துவிட்டது, இனி என் பேரனுக்குத்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு வருடமும் வர நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே அதன் கருத்து. முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தால் ஒரு தடவையாவது பார்க்கும் வாய்ப்பு 26 வீதம். ஐம்பது வருட வெள்ளத்துக்கு 45 வீதம், இருபத்தைந்து வருட வெள்ளத்துக்கு 71 வீதம்.

வயல் குத்தகைக்கு எடுப்பவர் இந்தக் கணக்கை வேறுவிதமாகப் பார்க்கலாம். நெல் ஓரிரு நாள் மூழ்கினால் பெரும்பாலும் தப்பும், ஒரு கிழமை மூழ்கினால் தப்பாது. ஆகவே உயரத்தைவிட வடியும் நாள்தான் அவருக்கு முக்கியம். பெரும்போகத்தில் சேதமாகும் பள்ளக்காணி சிறுபோகத்தில் நல்ல விளைச்சல் தரும் என்பதையும் விலை பேசும்போது மறக்க வேண்டாம்.

மாரி தொடங்கியபின்

ஒக்ரோபர் முதல் ஜனவரி வரைக்கும் தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் எதிர்வுகூறலில் திருகோணமலையை மட்டும் பார்க்காமல் கண்டி, நுவரெலியா, மாத்தளை, பதுளை, பொலன்னறுவையையும் பாருங்கள். அங்கே 100 மில்லிமீற்றருக்கு மேல் என்று இருந்தால் நீர்த்தேக்க வீதங்களைப் பாருங்கள். நீர்த்தேக்கங்கள் நிறைந்திருக்கின்றன, மன்னம்பிட்டியும் ஏறுகிறது என்றால் உறுதி, பிறப்புச் சான்றிதழ், மருந்து, விதைநெல் மேலே ஏற வேண்டும். மன்னம்பிட்டி சிறு வெள்ள மட்டத்தைத் தாண்டி இன்னும் ஏறுகிறது என்றால் முதியவர்கள், கர்ப்பிணிகள், மாடுகள் பகலிலேயே வெளியேற வேண்டும். இரவு வரைக்கும் பார்ப்போம் என்பது வேண்டாம். உதவி தேவைப்பட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

வெள்ளம் வடிந்து வீடு கழுவும் முன், சுவரில் சேற்றுக் கோடு இருக்கும் இடத்தில் ஆணியால் கீறி, திகதியையும் உச்சம் நின்ற மணியையும் எனாமல் பெயின்டால் எழுதுங்கள். வீட்டுக்கு வெளியே, உள்ளே, பக்கத்துப் பாடசாலைச் சுவரில் என்று குறைந்தது மூன்று இடத்தில் எழுத வேண்டும், ஒன்றைக் கழுவிவிடுவார்கள், ஒன்றைப் பூசிவிடுவார்கள்.